நான்காம் தொழில்

அநபாயச் சோழனுக்கும் ஒரு சீரியல் இருந்தது. சீவக சிந்தாமணி.

இரண்டாம் குலோத்துங்கனைத்தான் அநபாயன் என்கிறார்கள், பன்னிரண்டாம் நூற்றாண்டு. அரசாங்க வேலை ஓய்ந்த நேரத்தில் சிந்தாமணியைப் படிக்கச் சொல்லி, சீவகன் அடுத்து எந்த ஊருக்குப் போகிறான், யாரைக் கல்யாணம் செய்துகொள்கிறான் என்று லயித்துக் கேட்பானாம். எட்டுக் கல்யாணம் உள்ள காவியம் அது. மணநூல் என்றே இன்னொரு பெயர். பக்கத்தில் இருந்த அமைச்சர், குன்றத்தூர்ச் சேக்கிழாருக்கு இது பொறுக்கவில்லை. சமணர் கட்டிய பொய்க்கதை, இம்மைக்கும் ஆகாது, மறுமைக்கும் ஆகாது, சிவனடியார் கதையைக் கேளுங்கள் என்று எடுத்துச் சொன்னார். அப்படியானால் அதை நீரே பாடும் என்று ராஜா அவரைத் தில்லைக்கு அனுப்பிவைத்தான். பெரியபுராணம் பிறந்தது. சேக்கிழாருக்கு நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் பிந்தி வந்த உமாபதி சிவாச்சாரியார் எழுதிய திருத்தொண்டர் புராண வரலாற்றில் இந்தச் சேதி இருக்கிறது. இதில் சரித்திரம் எவ்வளவு, புராணம் எவ்வளவு என்று ஆராய்ச்சிக்காரர்கள் அடித்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த ராஜாவைப் பிடிக்கும். அமைச்சர் உள்ளே வருகிற காலடிச் சத்தம் கேட்டதும் சுவடியை மூடித் தலையணைக்கு அடியில் தள்ளியிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். உமாபதியார் அப்படிச் சொல்லவில்லை. ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளுகிற என் பழக்கத்தை ராஜா தலையில் ஏற்றிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

நான் கும்பகோணத்துக்காரி. ஓய்வுபெறும்வரை கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. இப்போது வியாழக்கிழமை சாயந்திரம் ஒரு மடத்துக் கூடத்தில் பெரியபுராணம் சொல்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு சித்தாந்த வகுப்புக்கும் போகிறேன். இவ்வளவையும் செய்துவிட்டு, எட்டு மணிக்கு என் மாமியாரோடு உட்கார்ந்து சீரியல் பார்க்கிறேன். தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் பார்க்கிறேன். "திருமுறை ஓதுன வாயாலயே அந்தச் சின்ன மருமகளைத் திட்டுறியே, நாக்கு கூசலியா?" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்குக் கிரிக்கெட் உண்டு. அதற்கு ஏன் ஜன்னல் சாத்த வேண்டியதில்லை என்று யாரும் கேட்பதில்லை.

அத்தைக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. சித்தி சீரியல் வந்த 1999-லிருந்து பார்க்கிறவர். மெட்டி ஒலி சிதம்பரத்தையும் அவருடைய ஐந்து பெண்களையும் இன்றைக்கும் சொந்தக்காரர்கள் மாதிரி விசாரிப்பார். கோலங்கள் 2003-ல் தொடங்கி 2009 வரை ஓடியது, ஆயிரத்து ஐந்நூறு எபிசோடுக்கு மேல். ஒன்றைக்கூட விட்டதாக அவர் ஒப்புக்கொண்டதில்லை. அத்தைக்கு விபூதிப் பையும் ரிமோட்டும் ஒரே மாடத்தில்தான். கூச்சம் படித்தவளுக்குத்தான்.

சீரியல் மேல் சொல்லும் புகார்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நேரம் வீண். மாமியார் மருமகள் சண்டையைச் சொல்லிக்கொடுக்கிறது. பட்டுப்புடவையோடு தூங்குகிறார்கள். இழுக்கிறார்கள். எல்லாம் உண்மை. சோப்பு விற்பதற்காகவே பிறந்த சரக்கு இது. 1930-களில் அமெரிக்க வானொலியில் பகல் நேரத்தில், வீட்டில் இருக்கும் பெண்கள் காதில் விழட்டும் என்று சோப்புக் கம்பெனிகள் காசு போட்டுத் தொடர்நாடகம் நடத்தின. இன்றைக்கு எங்கள் வீட்டில் மசாலாப் பொடி விளம்பரம் வருகிறது. இதையெல்லாம் தெரிந்துதான் பார்க்கிறோம். இதனால் எனக்கு உறுத்தவில்லை. 1987-ல் ஞாயிற்றுக்கிழமை காலை தூர்தர்ஷனில் ராமாயணம் வந்தபோது, ஒரு வார்த்தை இந்தி தெரியாமல் குளித்து முழுகி உட்கார்ந்து பார்த்தோமே, அதுவும் தொடர்தான். தேசம் முழுக்க டிவி பெட்டிக்கு மாலை போட்டார்கள். அப்போது யாருக்கும் உறுத்தவில்லை. ஆகவே உறுத்தல் பெட்டியைப் பற்றியதும் இல்லை, நேரத்தைப் பற்றியதும் இல்லை.

பின்னே எதைப் பற்றியது?

எங்கள் பள்ளியில் ஒரு சிஸ்டர் இருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சீரியல் கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்த எங்களிடம் ஒருநாள் அகுஸ்தினார் கதையைச் சொன்னார். அவர் படிக்கிற காலத்தில் கார்த்தேஜ் நகரத்தில் நாடகப் பைத்தியமாக இருந்தாராம். மேடையில் காதலர்கள் பிரிந்தால் இவர் அழுவார். எந்த நாடகம் அதிகம் அழவைக்கிறதோ அதுதான் நல்ல நாடகம். பிற்காலத்தில் ஆயராகி, தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து எழுதும்போது கேட்கிறார்: தனக்கு வந்தால் தாங்காத துக்கத்தை மனுஷன் ஏன் காசு கொடுத்துப் பார்க்கிறான்? துன்பப்படுகிறவனைக் கை கொடுத்துத் தூக்க வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் வருகிற இரக்கம் என்ன இரக்கம்?

கெட்டிக்காரத்தனமான கேள்விதான். நம் தொல்காப்பியத்திலும் அழுகை ஒரு மெய்ப்பாடு. பிறர் இகழ்வதாலும், இழப்பாலும், இருந்த நிலையிலிருந்து சரிவதாலும், வறுமையாலும் அழுகை வரும் என்று மெய்ப்பாட்டியல் வகுத்து வைத்திருக்கிறது. நம் சீரியல்காரர்கள் நாலையும் ஒரே வாரத்தில் காட்டிவிடுவார்கள். ஆனால் அகுஸ்தினார் குறி வைத்த இடத்தில் நானும் அத்தையும் இல்லை. நாங்கள் அழுவதே அபூர்வம். திட்டுவோம், சிரிப்போம், "பாரு, இப்ப அவன் போனை எடுக்க மாட்டான்" என்று முன்கூட்டியே சொல்லிப் பந்தயம் கட்டுவோம். எங்கள் சந்தோஷம் கண்ணீரில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று எனக்குப் பிடிபட்டது ஒரு டிரங்குப் பெட்டியால்.

அப்போது நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த சீரியலில் ஒரு பெரிய வீட்டு அம்மாள். சின்ன வயதில் தொலைந்துபோன மகளை நினைத்து வருஷத்துக்கு ஒருநாள் விரதம் இருப்பவள். அந்த மகள் அதே வீட்டுச் சமையலறையில் வேலைக்காரியாக இருக்கிறாள். அம்மாவுக்குத் தெரியாது, மகளுக்கும் தெரியாது. அந்த வீட்டு மூத்த மருமகளுக்கு மட்டும் தெரியும். எனக்கும் அத்தைக்கும் தெரியும். சாட்சி ஒரு கடிதம், பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டிக்குள். ஒரு வெள்ளிக்கிழமை அம்மாள் ஏதோ பழைய பட்டுப்புடவை தேடிப் பெட்டியை இறக்குகிறாள். தாழ்ப்பாளை நீக்குகிறாள். மூடியை உயர்த்துகிறாள். கடிதத்தின் ஓரம் தெரிகிறது. மூன்று தடவை தெரிகிறது, மூன்று தடவையும் இடி இடிக்கிறது. மருமகள் முகம், அம்மாள் முகம், வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் மகள் முகம், திரும்பவும் மருமகள் முகம். கை கடிதத்தை நோக்கி நீள்கிறது. கீழேயிருந்து யாரோ "அம்மா, வாசல்ல ஐயர் வந்துருக்காரு" என்கிறார்கள். மூடி விழுகிறது. தொடரும்.

"இழுக்குறானுவ பாரு" என்றார் அத்தை. "கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா இவனுங்களுக்கு" என்றேன் நான். வாய் இப்படிச் சொன்ன அந்த நொடியில் நெஞ்சுக்குள் ஒரு அப்பாடா விழுந்ததே, அதை நான் கவனித்துவிட்டேன். மூடி விழுந்ததில் எனக்கு நிம்மதி. அம்மாவும் பெண்ணும் சேர்ந்துவிட வேண்டும் என்று இத்தனை மாதமாக நான் ஆசைப்படுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்த ஆசை வேறு. சேரக் கூடாது. இன்றைக்குச் சேரக் கூடாது. தெரிந்தவள் நானாகவும் தெரியாதவள் அவளாகவும் இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டும்.

சித்தாந்தம் படித்த புத்தி சும்மா இருக்குமா? படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்று ஐந்தொழில். முதல் மூன்றும் எல்லாருக்கும் தெரியும். ஐந்தாவதற்குத்தான் கோயிலுக்குப் போகிறோம். நாலாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கூத்தபிரானிடம் மறைத்தலை நீக்கு என்று யாராவது வேண்டிக்கொண்டு நான் கேட்டதில்லை. துடி படைக்கிறது, அபயக் கை காக்கிறது, தீ அழிக்கிறது, தூக்கிய திருவடி அருளுகிறது. ஊன்றிய திருவடிதான் மறைக்கிறது என்று உண்மை விளக்கம் சொல்கிறது. உடம்புப் பாரம் முழுக்க அந்தக் காலில். எங்கள் வகுப்பில் ஆசிரியர் இதை நடத்தியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது டிரங்குப் பெட்டி மூடி. சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

சீரியல் என்பது முழுக்க முழுக்க அந்த நாலாவது தொழில்தான். யாராவது பிறக்கிறார்கள், யாராவது சாகிறார்கள், ஆனால் கதையை நடத்துவது மறைப்பு. ஒரு கடிதம், ஒரு ஆஸ்பத்திரி ரிப்போர்ட், ஒரு தாலி. யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்ற கணக்கை மட்டும் எடுத்துவிட்டால் பாக்கி இருப்பது நகைக்கடையும் சமையலறையும். பார்க்கிறவளுக்குக் கிடைக்கும் ருசி, எல்லாம் தெரிந்தவளாக உட்கார்ந்திருக்கும் ருசி. வீட்டில் எனக்கு யாரும் எதையும் முழுசாகச் சொல்வதில்லை. மகன் சம்பளம் எவ்வளவு என்று தெரியாது. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என்ன பேச்சு என்று தெரியாது. எட்டு மணியிலிருந்து எட்டரை வரைதான் எனக்கு எல்லாம் தெரியும்.

இங்கேதான் உறுத்த வேண்டும். உமாபதியார் மறைத்தலைப் பற்றிச் சொல்வது வேறு தினுசு. உயிர் ஆணவ மலம் என்ற இருளில் கிடக்கிறது. இறைவனுடைய சக்தியே அந்த மலத்துக்குப் பின்னால் நின்று, உண்மையை மறைத்து, உயிரை அதன் வினையை அனுபவிக்க விடுகிறது. காய் பழுக்கிற வரைக்கும். பழுத்ததும் மறைத்த சக்தியே அருட்சக்தியாகத் திரும்புகிறது. ஆகவே மறைப்பும் கருணைதான். முதல் வகுப்பில் இதைக் கேட்டபோது வக்கீல் வாதமாகத் தோன்றியது; பிறகு என் வீட்டையே நினைத்துப் பார்த்ததும் அப்படித் தோன்றவில்லை.

என் மாமனாருக்கு வயிற்றில் கட்டி வந்தது. என்ன கட்டி என்று டாக்டர் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மாமனாரிடம் அல்சர் என்று சொல்லிவிடுவது என்று குடும்பமே முடிவு பண்ணியது. ரிப்போர்ட் என் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. சீரியலைப் பார்த்துச் சிரிக்கிறேன், ஆனால் நானும் அங்கேதான் வைத்தேன். வந்தவர்களிடம் வாசலிலேயே சொல்லி உள்ளே அனுப்புவோம்: அல்சர்தான், ஞாபகம் இருக்கட்டும். மாமனார் மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே "இந்த அல்சர் பெரிய தொந்தரவா இருக்கும்மா" என்பார். அத்தை ஒருநாளும் அவர் எதிரில் அழுததில்லை. அவர் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பாத்திரம் கழுவி ஒதுக்கிக்கொண்டிருந்தபோது அத்தை சொன்னார்: "அவங்களுக்கு மொத நாளே தெரியும். ஸ்கேன் எடுத்த பையன் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிட்டாங்க. எங்கிட்ட சொன்னாங்க. புள்ளைங்க மறைக்கிறதுக்கு அவ்ளோ பாடுபடுதுங்க, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதன்னாங்க." நாங்கள் அவரிடம் மறைத்தோம். அவர் எங்களிடம் மறைத்தார். அத்தை இரண்டு பக்கத்துக்கும் மறைத்தார். அந்த நாலு மாதமும் எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் குரல் உயர்த்தவில்லை. எல்லாம் எல்லாருக்கும் தெரிந்திருந்தால் அப்படி இருந்திருப்போமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அதனால் மறைப்பில் கருணை இருக்க முடியும் என்று நம்புகிறேன். இடறுவது நோக்கத்தில். இறைவன் மறைப்பது பழுக்க. வேண்டுதல் வேண்டாமை அவனுக்கு இல்லை. சீரியல்காரர் மறைப்பது வாராவாரம் வரும் ரேட்டிங்குக்காக. சோபாவில் உட்கார்ந்திருக்கும் நான் மறைக்க ஆசைப்படுவது எதற்காக? தெரிந்தவளாக இருக்கிற சுகத்துக்காக. மூன்று பேரில் என் காரணம்தான் மட்டம். சீரியல்காரருக்காவது குடும்பம் நடக்கிறது.

வகுப்பில் ஒரு ஞாயிறு, யாரோ ஒருவர் பொதுவாகக் கேட்டார், சைவர்கள் சீரியல் பார்க்கலாமா என்று. ஆசிரியர் யோசிக்கவேயில்லை. சேக்கிழார் சிந்தாமணிக்குச் சொன்னதுதான் பதில், உமியைக் குத்தி அரிசி எடுக்க முடியாது என்றார். நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. ஐயா, உ.வே.சாமிநாதையர் திருவாவடுதுறை மடத்தில் வளர்ந்த சைவர். நம் ஊர்க் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டு, இங்கேயே சமணர் வீடுகளுக்குப் போய்ச் சந்தேகம் கேட்டு, அதே சிந்தாமணியை 1887-ல் அச்சுப் போட்டார். உமி என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேலும் ராஜா கடைசிவரை கேட்டிருந்தால், எட்டுக் கல்யாணம் செய்த சீவகன் ஒரு குரங்கு கையிலிருந்து பலாப்பழம் பறிபோவதைப் பார்த்துவிட்டுத் துறவுக்குப் போவதையும் கேட்டிருப்பான். நிறுத்தினதால்தான் அவனுக்கு அது கல்யாணக் கதையாகவே நின்றுபோச்சு என்றேன். ஆசிரியர் சிரித்தார். "சிந்தாமணி முடியுதும்மா. உங்க சீரியல் முடியுதா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பெரியபுராணமும் சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரை வரை ஒரு வருஷம் தில்லையில் அரங்கேறியது என்று உமாபதியாரே சொல்கிறாரே என்று கேட்க நினைத்தேன். ஆனால் அதுவும் முடிந்தது. யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள்.

முடியாமல் போவது பற்றி அத்தைக்கு வேறு அபிப்பிராயம். எதிர்நீச்சல் ஓடின நாளில் எங்கள் வீட்டில் ஆதி குணசேகரன் பெயரைச் சொல்லாத ராத்திரி இல்லை. படித்த பெண்களை மருமகளாக எடுத்துக்கொண்டு வந்து வீட்டுக்குள் பூட்டி வைக்கிற அண்ணன். அப்பத்தா பெயரில் இருந்த அந்த நாற்பது சதவீதச் சொத்துக்காக அவன் போட்ட ஆட்டத்தில், "கட்டையில போறவன்" என்ற வார்த்தை அத்தை வாயில் ஜபம் மாதிரி ஆகிவிட்டது. 2023 செப்டம்பர் 8 காலையில் அந்த வேஷம் கட்டிய மாரிமுத்து, அதே தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் மாரடைப்பு வந்து இறந்துபோனார். செய்தி வந்ததும் அத்தை டிவியை அணைத்துவிட்டார். பேசவில்லை. சாயந்திரம் விளக்கேற்றி வைத்துவிட்டு வந்து கேட்டார்: "எத்தன நாளு சொன்னேன் நானு அந்த வார்த்தைய. சொன்னது வேசத்துக்குத்தான்னு சாமிக்குத் தெரியுமில்ல?"

இதுதான் நான் கேள்விப்பட்டதிலேயே கனமான சமயக் கேள்வி என்று சொல்லுவேன். அகுஸ்தினார், இல்லாத துக்கத்துக்கு அழுகிற கண்ணீரைப் பற்றிக் கவலைப்பட்டார். அத்தை, இல்லாத ஒருவன்மேல் விட்ட சாபம் இருக்கிற ஒருவர்மேல் விழுமா என்று கவலைப்படுகிறார். தெரியும் அத்தை, சாமிக்கு எது வேஷம், எது ஆள் என்று தெரியாதா என்று சொன்னேன். அவருக்கு அது முழுசாக ஆறுதல் தந்ததாகத் தெரியவில்லை. ரொம்ப நாள் வரைக்கும் யாரையும் அந்த வார்த்தை சொல்லித் திட்டவில்லை. இப்போது "நல்லாருக்க மாட்டா" அளவில் நிற்கிறார்.

கொஞ்ச நாளில் வேல ராமமூர்த்தி குணசேகரனாக வந்தார். சீரியலில் இது சகஜம். இவருக்குப் பதில் இவர் என்று ஒரு வரி போட்டுவிட்டு வேறு முகத்தோடு அதே மனுஷன் மாடிப்படி இறங்கி வருவான், பொண்டாட்டி பிள்ளை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அத்தை இரண்டு நாள் உற்றுப் பார்த்தார். "உடம்பு மாறுனாலும் வென மாறல பாரு" என்றார். மறுபிறப்புக்கு இதைவிடச் சுருக்கமாக எங்கள் வகுப்பில் யாரும் உரை சொன்னதில்லை.

திருவருட்பயனில் உமாபதியார் இருளையும் ஆணவத்தையும் ஒப்பிட்டு ஒன்று சொல்கிறார். இருட்டு மற்ற பொருள்களைக் காட்டாது, ஆனால் தான் இருட்டாக இருப்பதையாவது காட்டும். ஆணவம் பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. இதைப் படித்த பிறகு சீரியல் மேல் எனக்கு இருந்த கூச்சம் கொஞ்சம் இடம் மாறியது. சீரியலின் இருட்டு வெறும் இருட்டு. அது மூடி வைத்திருப்பதை மூடி வைத்திருப்பதாகவே காட்டுகிறது; பெட்டி தெரிகிறது, தாழ்ப்பாள் தெரிகிறது, கடிதத்தின் ஓரம் மூன்று தடவை தெரிகிறது. என் சொந்தப் பெட்டி எந்தப் பரணில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. அந்த அப்பாடாவை அன்றைக்குக் கவனிக்காமல் விட்டிருந்தால், பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்க ஏங்கும் நல்ல மனசுக்காரி என்றே என்னைப் பற்றி நினைத்துக்கொண்டு இருந்திருப்பேன். நினைத்துக்கொண்டு வியாழக்கிழமை போய் எல்லாருக்கும் உபதேசமும் பண்ணியிருப்பேன். அந்த அளவுக்கு அந்த மோசமான டிரங்குப் பெட்டிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஜன்னலை இன்னும் சாத்துகிறேன். அதுவும் அந்த இருட்டில் சேர்த்திதான் போலிருக்கிறது.

போன மாதம் மடத்தில் திருநீலகண்ட நாயனார் புராணம். எனக்கு இதைச் சொல்வதென்றால் ரொம்ப இஷ்டம். அறுபத்து மூவரில் இவ்வளவு சுத்தமான சீரியல் கதை வேறு இல்லை. தில்லையில் ஒரு குயவர். அடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுப்பவர். இளமை வேகத்தில் வேறொருத்தி வீட்டுக்குப் போய்வந்துவிடுகிறார். மனைவிக்குத் தெரிந்துவிடுகிறது. மற்ற வேலையெல்லாம் குறையில்லாமல் செய்கிறாள். அவர் கிட்டே வரும்போது மட்டும் திருநீலகண்டத்தின்மேல் ஆணை வைத்துத் தொடக் கூடாது என்றுவிடுகிறாள். அவர் அந்த ஆணையை மதித்து, இனி எந்தப் பெண்ணையும் மனசாலும் தொடுவதில்லை என்று நிற்கிறார். அதே சின்ன வீட்டில், ஒருவரை ஒருவர் தொடாமல், அக்கம்பக்கத்துக்கு ஒன்றும் தெரியாமல், இரண்டு பேரும் கிழவன் கிழவி ஆகிறவரை இருக்கிறார்கள். பிறகு சிவபெருமான் யோகியாக வந்து ஒரு திருவோட்டைக் கொடுத்துவைத்து, அதைத் தானே மாயமாக்கி, திரும்பி வந்து கேட்டு, நீ திருடவில்லை என்றால் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு குளத்தில் முழுகிச் சத்தியம் பண்ணு என்கிறார். தில்லைவாழ் அந்தணர் சபை வரைக்கும் வழக்குப் போகிறது. கையைப் பிடிக்க முடியாது. ஏன் முடியாது என்றும் சொல்ல முடியாது. மூங்கில் கழியின் ஒரு முனையை அவரும் மறு முனையை அவளும் பிடித்துக்கொண்டு குளத்தில் இறங்குகிறார்கள். யோகி விடவில்லை, கையைப் பிடி என்கிறார். அப்போதுதான் கிழவர் ஊரார் எல்லாரும் கேட்கப் பழைய கதையை வாய்விட்டுச் சொல்லி முழுகுகிறார். எழும்போது இரண்டு பேரும் இளமையாக எழுகிறார்கள். சிவலோகம் போகிறார்கள்.

திருவோட்டை மறைத்தவரே இத்தனை வருஷம் மறைந்திருந்ததை வெளியே கொண்டுவருகிறார், நாலாவது தொழில் ஐந்தாவதாகத் திரும்புகிற இடம் இது என்று நான் சித்தாந்தத்துக்குள் போக ஆரம்பித்தேன். அத்தை அன்றைக்கு வந்திருந்தார், முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "அது இருக்கட்டும். அந்தப் பொம்பள மன்னிச்சுதா இல்லியா?" என்றார்.

சேக்கிழார் அதை விரித்துச் சொல்லவில்லை. அவளுக்குப் பெயர்கூடத் தரவில்லை. அந்த வீட்டில் அவள் அத்தனை காலம் என்ன நினைத்துக்கொண்டு அடுப்பு மூட்டினாள், ராத்திரி எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள், புராணத்துக்கு அதில் அக்கறை இல்லை. சீரியலாக இருந்தால் இருநூறு எபிசோடு அங்கேதான் நிற்கும். சமையலறையில் ஒருத்தி வாய் திறக்காமல் நிற்கும்போது அவள் முகத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவது, அந்த மட்டமான சரக்குக்குத்தான். ரேட்டிங்குக்காகத்தான் பார்க்கிறது, ஆனால் பார்க்கிறது.

கூட்டம் அதற்கப்புறம் என் கையில் இல்லை. குளத்தில் முழுகி எழுந்ததும்தான் மன்னித்திருப்பாள் என்றார் ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார். அது சாமி பண்ணினது, அவள் பண்ணினது இல்லை என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. ஊர் நடுவில் வாய்விட்டுச் சொன்னாரே அந்தக் கிழவர், அப்போதுதான் என்றார் பூக்காரம்மா. அத்தை ஒப்பவில்லை: "கழியோட அந்த முனையப் புடிச்சா பாரு, அப்பவே. மன்னிக்காதவ எதுக்குக் கொளத்துல எறங்கணும்?"

எனக்கென்னவோ, முதல் வருஷமே மன்னித்திருப்பாள், சொல்லியிருக்க மாட்டாள் என்றுதான் படுகிறது.